அந்த ஜன்னல் எதைப் பார்த்திருக்கிறது

"இந்த ஜன்னல் எதப் பாத்து இருக்கு?"

தேவகிருபை அம்மாள் காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்த ஜெயபாக்கியத்துக்குச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"தெரியலையே," என்றாள்.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு விநோதமான பதில் என்று அவளுக்கே உறைத்தது. கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் படுத்து எழுந்த அறை அது. மேற்குச் சுவரில் இருந்த ஜன்னலின் மரக்கதவுகளைச் சட்டத்தோடு சேர்த்து ஆணி அடித்திருந்தார்கள். இடுக்குகளில் தார் பூசியிருந்தது. அதன் மேல் ஒரு காலண்டர் தொங்கியது. அதற்கும் மேலே சேலை போடும் கொடி. ஜன்னல் என்பதே மறந்துபோய், அதைச் சுவரின் ஒரு பகுதியாகத்தான் அவள் நினைத்துப் பழகியிருந்தாள்.

தேவகிருபை அம்மாள் சிரிக்கவில்லை. "அப்படியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, காபியைக் குடித்து முடித்து, குளிக்கப் போய்விட்டாள். கேள்வி அறையிலேயே தங்கிவிட்டது.

சென்னையிலிருந்து பல்கலைக்கழகம் அனுப்பி வந்தவள் அவள். படிப்பு கல்லூரிக் கட்டடங்களோடு நின்றுவிடக் கூடாது, ஊர்மக்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று அந்த வருடம் சில ஊர்களில் பொதுச் சொற்பொழிவுகள் ஏற்பாடு செய்திருந்தார்கள். போடிநாயக்கனூருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகள் கிடைத்தன. தலைப்பு: 'உடல்நலமும் நில அமைப்பும்.' அச்சடித்த நோட்டீசைப் பார்த்தவர்களுக்கு அது என்னவென்று விளங்கவில்லை. வைத்தியமா, விவசாயமா என்று கடைத்தெருவில் பேச்சு நடந்தது. பேசப்போவது ஒரு பெண்பிள்ளை என்று தெரிந்ததும் வைத்தியமாகத்தான் இருக்கும், பிரசவம் பற்றியாக இருக்கும் என்று முடிவு கட்டினார்கள்.

வரவேற்புக் கமிட்டியில் ஏலக்காய் வியாபாரி சுந்தரராஜ் இருந்தார். வருகிற அம்மாளும் நம்மைப்போல் கர்த்தரைக் கும்பிடுகிற வேதக்காரி, நம்ம வீட்டில் தங்கட்டும் என்று அவர்தான் முந்திக்கொண்டு சொன்னார். ஜெயபாக்கியம் அவருடைய மனைவி. விருந்தாளி வருகிறாள் என்றதும் அவளுக்குச் சந்தோஷத்தைவிடக் களைப்புதான் முதலில் வந்தது. சில மாதங்களாக அவளுக்கு எதைக் கேட்டாலும் களைப்புதான் முதலில் வரும். காலையில் எழும்போதே மலை ஏறி இறங்கியவள்போல் கால் கனக்கும். தலைக்குள் ஈரத் துணியைத் திணித்து வைத்ததுபோல் இருக்கும். டாக்டர் நாடி பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், டானிக் எழுதிக்கொடுத்தார். டானிக் இனிப்பாக இருந்தது என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த ஜன்னல் மூடியிருந்ததற்குக் காரணம் ஏலக்காய். காயின் மதிப்பு அதன் பச்சையில் இருக்கிறது. மலையில் பறித்து, உலைக்கூடத்தில் காயவைத்து, மூட்டையாக இறங்கி வரும் காய், வெயில் பட்டால் வெளுத்துப்போகும். வெளுத்த காயை ஏலத்தில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதனால் போடியில் காய் வியாபாரம் செய்கிற வீடுகளில் வெளிச்சத்தை ஒரு களவாணியைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்கள். சுந்தரராஜ் வீட்டின் நடுவே காய் பொறுக்கும் கூடம். வடக்கு ஓட்டில் பதித்த ஒற்றைக் கண்ணாடி வழியாக மங்கலாக வெளிச்சம் விழும். அதில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, முறத்தில் காயைப் பரப்பி, பெரிய பருவட்டு வேறு, சின்னப் பொடி வேறு, வெடித்தது வேறு என்று பிரிப்பார்கள். ஜெயபாக்கியத்தின் அறை அந்தக் கூடத்தை ஒட்டியது. அறை ஜன்னல் திறந்திருந்தால் சாயங்கால வெயில் உள்ளே பாய்ந்து, வாசல் வழியாகக் கூடத்துக்குள் போய்க் காய்க்குவியலின் மேலேயே விழும். அப்படித்தான் அவள் மாமியார் சொல்லியிருந்தாள். ஆணி அடிக்க வைத்தவளும் அவள்தான்.

வெயில் விழாமல் இருக்க அறைக் கதவைச் சாத்தினால் போதாதா? போதாது. அந்தக் கதவைப் பகலில் சாத்தக் கூடாது. கட்டில் கதவைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. வீட்டுக்காரி கட்டிலில் உட்கார்ந்தபடி கூடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பொறுக்குகிற பெண்களின் கை மடிக்குப் போகிறதா என்று பார்க்கத்தான். மாமியார் பார்த்தாள். அவள் காலமான பிறகு ஜெயபாக்கியம் பார்த்தாள். கதவு திறந்திருப்பதற்காக ஜன்னல் மூடியிருந்தது. ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொண்ட இந்த ஏற்பாட்டின் நடுவில் அவள் இருந்தாள். இதுவரை அதை ஏற்பாடு என்றுகூட நினைத்ததில்லை.

வெள்ளிக்கிழமைப் பேச்சுக்கு உயர்நிலைப் பள்ளியின் மண்டபம் நிறைந்துவிட்டது. படம் காட்டுவார்கள் என்ற வதந்திதான் காரணம். உண்மையிலேயே படம் காட்டினார்கள். வெள்ளை வேட்டி கட்டிய சுவரில், மரங்கள் சூழ்ந்த ஓர் ஆஸ்பத்திரி தெரிந்தது. நீண்ட வராந்தாவில் வரிசையாகக் கட்டில்கள். எல்லாக் கட்டில்களும் தோட்டத்தைப் பார்த்திருந்தன.

"ஜன்னல் ஓரத்துக் கட்டில் கிடைச்ச நோயாளி சீக்கிரமா எழுந்து வீட்டுக்குப் போறார்னு அங்க இருக்கிற நர்சுங்க சொல்றாங்க," என்றாள் தேவகிருபை அம்மாள். "ஏன்னு எனக்குத் தெரியாது. காத்தா, வெளிச்சமா, இல்ல சும்மா ஒரு மரத்தைப் பாத்துக்கிட்டு இருக்கிறதா? அதைத் தெரிஞ்சுக்கத்தான் நான் ஊர் ஊராப் போய்க்கிட்டு இருக்கேன்."

ஏன்னு எனக்குத் தெரியாது. மேடையில் நிற்கும் ஒருவர் இப்படிச் சொல்லி ஜெயபாக்கியம் கேட்டதில்லை. பாதிரியார் சொல்லமாட்டார். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் சொல்லமாட்டார்கள். டானிக் கொடுத்த டாக்டரும் சொல்லவில்லை. அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்திருந்தது.

அப்போது கரண்டு போய்விட்டது. மண்டபம் விசில் அடித்தது. யாரோ பெட்ரோமாக்சைக் கொளுத்தினார்கள். தேவகிருபை அம்மாள் அசராமல், "சரி, படம் போயிடுச்சு. நாளைக்கு வரும்போது ஒண்ணு யோசிச்சிட்டு வாங்க. காலையில கண்ணு முழிச்சதும் நீங்க மொதல்ல எதப் பாக்குறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை முடித்தாள். மறுநாள் காலை, தன்னை அறியாமல்தானோ என்னவோ, ஜெயபாக்கியத்தின் அறைக்குள் காபியோடு வந்து நின்று ஜன்னலைப் பற்றிய அந்த இன்னொரு கேள்வியையும் கேட்டாள்.

விருந்தாளி குளிக்கப் போன பிறகு ஜெயபாக்கியம் ஜன்னலின் அருகில் போனாள். காலண்டரை விலக்கிவிட்டு, தார் பூசிய இடுக்கில் காதை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மூக்கை வைத்தாள். தாரின் வாசனையும் அதற்குள் ஊறிப்போன ஏலக்காய் வாசனையும்தான் வந்தன. கூடத்திலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"என்ன தாயி, ஜன்னலுக்கு முத்தம் குடுக்கிறீக?" முத்துப்பேச்சிதான். காய் பொறுக்குகிறவர்களில் மூத்தவள், நாக்கு நீளம்.

ஜெயபாக்கியம் வெட்கப்பட்டுத் திரும்பினாள். பிறகு என்ன தோன்றியதோ, வாசலுக்கு வந்து, "முத்துப்பேச்சி, இதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

முறங்கள் நின்றன. இப்படி ஒரு கேள்வியை அந்த அறை வாசலிலிருந்து அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

"சுடுகாட்டுக்குப் போற பாதைன்னு சொல்லுவாக," என்றாள் முத்துப்பேச்சி. "அதான் ஒங்க மாமியா பயந்துபோயி ஆணியடிச்சிட்டாக. வெளிச்சம் கிளிச்சம்னதெல்லாம் சும்மா."

"போக்கா, சுடுகாடு எங்கிட்டு இருக்கு, இது எங்கிட்டு இருக்கு!" என்றாள் அன்னக்கொடி. மலையில் பிறந்து எஸ்டேட்டில் வளர்ந்து போடிக்கு வாக்கப்பட்டு வந்தவள். "மேக்கால இருக்கிறது மலதான். கதவத் தொறந்தா மலதான் தெரியும். நெசமாச் சொல்றேன், எந்நேரமும் மஞ்சு இறங்கிக்கிட்டே இருக்கும்."

"ஆமா, இவளுக்கு எங்க பாத்தாலும் மல. ரசத்தக் கலக்குனாக்கூட அடியில மல தெரியும்."

கூடம் சிரித்தது. ஜெயபாக்கியமும் சிரித்தாள். மலையாக இருக்க வேண்டும் என்று அந்த நிமிஷம் அவள் ஆசைப்பட்டாள். அந்த ஆசையின் வேகம் அவளையே திடுக்கிட வைத்தது. கடைசியாக எதற்கு ஆசைப்பட்டாள் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

மத்தியானம் சாப்பிட வந்த கணவரிடமும் கேட்டாள்.

"பின்னால பொட்டல்தான்," என்றார் சுந்தரராஜ். "மலைல இருந்து பொதி ஏத்திட்டு வர்ற கழுதைங்களக் கட்டிப்போடுவாங்க. சின்னப் பிள்ளையில நான் பாத்துருக்கேன். சாயங்காலம் ஆச்சுன்னா வெயில் மூஞ்சியிலயே அடிக்கும். அம்மா சும்மாவா ஆணியடிச்சாங்க? நான் மதுரையில போர்டிங்ல படிக்கிறப்ப அடிச்சது. ஏன், எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

"சும்மா என்ன கேள்வி? மேலுக்கு எப்படி இருக்கு? டானிக் குடிச்சியா?"

சனிக்கிழமை மாலை தேவகிருபை அம்மாள் ஊரைப் பற்றிப் பேசினாள். கிணற்றுக்குப் பக்கத்தில் கக்கூஸ் இருந்தால் என்ன ஆகும், கொசு எங்கே முட்டையிடும், தெருவில் வேம்பை எந்தப் பக்கம் நட்டால் யாருக்கு நிழல் என்று கரும்பலகையில் வரைந்து காட்டினாள். "வீட்டுக்கு முகம் மாதிரி முதுகும் இருக்கு," என்றாள். "நாம முகத்துக்குத்தான் சுண்ணாம்பு அடிக்கிறோம். வியாதி முதுகு வழியா வருது." பிறகு, "நேத்து ஒண்ணு கேட்டேனே, யாராவது யோசிச்சீங்களா?" என்று பெண்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுகளின் பக்கம் திரும்பினாள்.

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி மட்டும், ஜெயபாக்கியத்துக்கு இரண்டு பேர் தள்ளி இருந்தவள், உட்கார்ந்தபடியே உரக்கச் சொன்னாள்: "மொறம்."

"என்னம்மா?"

"கண்ணு முழிச்சா மொறந்தான் தெரியும். வேற என்ன தெரியும்?"

ஆண்கள் பகுதியிலிருந்து பெரிய சிரிப்பு எழுந்தது. அவள் தங்கபாண்டியனின் மனைவி சண்முகத்தாய். தங்கபாண்டியனும் ஏலக்காய் வியாபாரிதான். ஏலத்தில் சுந்தரராஜ் கேட்கிற சரக்கை அவர் விடமாட்டார், அவர் கேட்பதை சுந்தரராஜ் விடமாட்டார். புருஷன்மார் பேசிக்கொள்வதில்லை என்பதால் பெண்சாதிகளும் பேசிக்கொண்டதில்லை. கல்யாண வீடுகளில் பார்த்தால் இருவரும் வேறுவேறு பந்தியில் உட்காருவார்கள்.

ஜெயபாக்கியம் சிரிக்கவில்லை. அவள் மனசில் வைத்திருந்த பதிலும் அதுவேதான். தன் வாயிலிருந்து யாரோ எடுத்துச் சொல்லிவிட்டதுபோல அவளுக்கு முகம் சூடாயிற்று. எட்டிப் பார்த்தாள். சண்முகத்தாய் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து மட்டும் விறைப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் ஆராதனை முடிந்து வரும்போது ஜெயபாக்கியம் நேராக வீட்டுக்கு வரவில்லை. அன்னக்கொடியை வரச்சொல்லியிருந்தாள். இரண்டு பேரும் தெருமுனையைச் சுற்றிக்கொண்டு வீட்டின் பின்பக்கத்தைத் தேடிப் போனார்கள். காரணமில்லாமல் தெருவில் நடப்பது அவளுக்குப் புதிது. எதிரே வந்தவர்களெல்லாம் எங்கே என்று கேட்பதுபோல் பார்த்தார்கள்.

பொட்டல் எதுவும் இல்லை. இருந்த இடமெல்லாம் வீடுகள், சரக்குக் கிட்டங்கிகள், ஒட்டி ஒட்டிச் சுவர்கள். வீட்டுக்கு மேற்கே அடுத்த தெரு ஒன்று இருந்தது. அந்தத் தெருவின் வீடுகள் எல்லாம் அந்தப் பக்கம் முகம் காட்டி நின்றன. இரண்டு வீடுகளுக்கு நடுவில் சாக்கடை வெளியேறுகிற ஒரு சந்தின் வாய் தெரிந்தது. அதற்கும் பலகை வைத்து அடைத்துப் பூட்டியிருந்தார்கள்.

"அம்புட்டுப் பெரிய வீடு, எங்கிட்டுப் போயி ஒளிஞ்சுக்கிருச்சு?" என்றாள் அன்னக்கொடி.

தன் வீட்டின் முதுகைத் தன்னால் பார்க்க முடியவில்லை. இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் ஜெயபாக்கியத்துக்கு ஒரு பரபரப்பு உண்டாயிற்று. கால் கனக்கவில்லை என்பதைக்கூட அவள் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் கவனித்தாள். வெளியிலிருந்து பார்க்க முடியாதென்றால் உள்ளேயிருந்துதான் பார்க்க வேண்டும். அதற்கு ஆணியைப் பிடுங்க வேண்டும்.

அன்று மாலை நன்றி நவிலும் பொறுப்பு சுந்தரராஜுக்கு. ஜரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு மேடை ஏறினார். "காற்றும் வெளிச்சமுமே கர்த்தர் நமக்குத் தந்த முதல் மருந்து," என்று முழங்கினார். "நம் இல்லங்களின் சாளரங்களை நாம் திறந்து வைக்க வேண்டும்!" பலத்த கைதட்டல். தேவகிருபை அம்மாளும் கை தட்டினாள். ஜெயபாக்கியம் அவள் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தில் எந்தக் குறும்பும் இல்லை.

திங்கட்கிழமை பிற்பகல் ரயிலுக்கு விருந்தாளியை அனுப்பிவிட்டு சுந்தரராஜ் திரும்பி வந்தபோது, சுமை தூக்குகிற மொக்கச்சாமி கடப்பாரையோடு கூடத்தில் நின்றுகொண்டிருந்தான். பெண்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"இது என்ன கூத்து?"

"ஜன்னலத் தொறக்கணும்," என்றாள் ஜெயபாக்கியம்.

"எந்த ஜன்னல?"

"நீங்க நேத்து மேடையில சொன்ன ஜன்னல."

முத்துப்பேச்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அது மேடைக்குச் சொன்னது. பாக்கியம், ஒனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? மொதல் தரப் பச்சை அங்க குமிஞ்சு கெடக்கு. புதன்கிழமை ஏலம். வெயில் பட்டுச்சுன்னா அந்தத் தங்கபாண்டியன் சிரிச்சே செத்துப்போவான்."

"கதவச் சாத்திக்கிறேன்."

"சாத்திக்கிட்டா? கூடத்த யாரு பாக்குறது?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. "ஒனக்கு மேலுக்கு முடியலைன்னா சொல்லு. பெரியகுளத்துல இருந்து அக்காவ வரச்சொல்லிர்றேன். கொஞ்ச நாளைக்கு அவ இந்த அறையில இருந்து பாத்துக்கிடட்டும். நீ ஒங்க அண்ணன் வீட்டுக்கு, தேவாரத்துக்குப் போயி ரெஸ்டா இரு."

அதுதான் அவள் பயந்தது. அந்த மதினி ஒருமுறை வந்து கட்டிலில் உட்கார்ந்தால் சாவிக்கொத்தும் அவளோடு போய்விடும். தேவாரத்தில் அண்ணன் வீட்டில் ஜன்னல்கள் உண்டு; எல்லாமே இன்னொருத்தியின் ஜன்னல்கள். இந்த வீட்டில் ஜெயபாக்கியத்துக்கு என்று ஓர் இடம் இருந்ததென்றால் அது கட்டிலின் அந்த ஓரம்தான். அங்கே உட்கார்ந்து பார்ப்பதால்தான் அவள் வீட்டுக்காரி. இப்போது வாயை மூடிக்கொண்டால் அந்த இடம் மிஞ்சும்.

அவள் மூடிக்கொள்ளவில்லை.

"நான் பாத்துக்கிட்டு இருந்தேன்னு யாரு சொன்னா?" என்றாள்.

"என்ன?"

"இந்த மழைக்காலம் ஆரம்பிச்சதுல இருந்து நான் பாக்கல. உக்காந்திருப்பேன். கண்ணு சொருகிப்போகும். தூங்கிருவேன். முழிச்சா சாயங்காலமா இருக்கும். இத்தன மாசமா ஒங்க கூடத்த யாரும் பாக்கல."

சுந்தரராஜ் காய் பொறுக்கும் பெண்களைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எதைத் தேடுகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அன்னக்கொடி தன் கைகளை முறத்தின் மேல் விரித்து வைத்துக்கொண்டாள்.

"நெசந்தான் மொதலாளி," என்றாள் முத்துப்பேச்சி. இந்த முறை அவள் குரலில் கேலி இல்லை. "தாயி தூங்குறது எங்களுக்குத் தெரியாதா? கொறட்டகூட விடும். தூங்குதுன்னா நாங்க மெதுவாப் பேசுவோம். இந்தா, இவ முறத்தத் தட்டுனாக்கூட நான் அதட்டுவேன். சரக்கு கொறஞ்சிருந்தா இந்நேரம் எட போடுற ராக்கையா அண்ணன் தராசத் தூக்கிக்கிட்டு ஆடியிருக்க மாட்டாரா?"

ஜெயபாக்கியம் அவளைப் பார்த்தாள். மெதுவாகப் பேசியிருக்கிறார்கள். தான் காவல் காப்பதாக நினைத்த கூடம் தன் தூக்கத்தைக் காவல் காத்திருக்கிறது. மனசில் எழுந்தது நன்றியா, அவமானமா என்று பிரித்துப் பார்க்க அவளால் அப்போது முடியவில்லை.

சுந்தரராஜ் கூடத்தின் ஓரத்தில் கிடந்த மூட்டையின் மேல் உட்கார்ந்தார். சரக்கு குறையவில்லை; அது அவருக்கும் தெரியும். குறைந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். குறையாத சரக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதவர்போல் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

"சரி, காயை மூடுங்க," என்றார் கடைசியில். "கோணியப் போட்டு நல்லா மூடுங்க. பாக்கியம், கதவச் சாத்திக்க. டேய் மொக்கச்சாமி, வெரசா முடி. வெளிச்சம் எம்புட்டு வருதுன்னு பாத்துட்டுப் பேசுவோம்."

ஆணிகள் துருவேறிக் கிடந்தன. கடைசி ஆணி பிடுங்கும்போது மரத்தோடு சேர்ந்து வந்தது. மொக்கச்சாமி கதவில் தோளைக் கொடுத்தான். தார் பிசுபிசுவென்று இழுத்து, பிறகு விட்டது. ஜெயபாக்கியம் கண் கூசாமல் இருக்கக் கையைக் குவித்து வைத்துக்கொண்டாள்.

கூசவில்லை. வெயில் வரவேயில்லை. ஈரமான ஒரு காற்று வந்தது. அதோடு சாக்கடை நாற்றமும் வந்தது. கம்பிகளுக்கு அப்பால், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு செங்கல் சுவர் நின்றது.

"சொவரா!" என்று வாசலில் முண்டியடித்த பெண்களில் ஒருத்தி கத்தினாள். "இதுக்கா இந்தப் பாடு?"

"பொட்டல் எங்கடா?" சுந்தரராஜ் மனைவியைத் தள்ளிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "இந்தச் சொவர் எப்ப வந்துச்சு?"

"எப்பயோ வந்தாச்சு மொதலாளி," என்றான் மொக்கச்சாமி. "பாசி புடிச்சிருக்கே. இது தங்கபாண்டியன் அய்யா வீட்டுப் பின்சொவர்ல்ல?"

"அவன் வீடா? அவன் வீடு அடுத்த தெருவுல இருக்குடா! இங்கருந்து போறதுன்னா முக்குச் சுத்தி…"

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். முகத்தோடு முகம் பார்த்தால் இரண்டு தெரு. முதுகோடு முதுகு பார்த்தால் ஒரு சாக்கடை. அந்தச் சுவர் எழும்பிய நாளிலிருந்து இந்த ஜன்னலுக்கு வெயில் வந்திருக்க வழியில்லை. வராத வெயிலுக்குப் பயந்து ஆணியும் தாருமாக இத்தனை காலம் இருந்திருக்கிறார்கள். முதலில் முத்துப்பேச்சிக்குத்தான் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் அன்னக்கொடியின் தோளில் சாய்ந்துகொண்டாள். சுந்தரராஜும் மூக்கால் ஒரு சத்தம் போட்டார். சிரிப்பு என்று ஒப்புக்கொள்ள முடியாத சிரிப்பு.

"பாரு, கடைசியில ஒண்ணுமே இல்ல," என்றார். அவர் குரலில் நிம்மதி இருந்தது. "வெயில் வராது. காத்துதான். ஜன்னலும் தெறந்தே கெடக்கட்டும், கதவும் தெறந்தே கெடக்கட்டும். நீ பழையபடி உக்காந்துக்க. அக்காவெல்லாம் எதுக்கு? காத்து பட்டா தூக்கம் வராது. நல்லாப் பாத்துக்கிடலாம்."

எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டது, இடமும் போகவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஜெயபாக்கியம் கட்டிலைப் பார்த்தாள். அந்த ஓரத்தில் மெத்தை பள்ளமாக அமுங்கியிருந்தது. மாமியாரின் பள்ளத்தில் தான் உட்கார்ந்து அதை இன்னும் ஆழமாக்கியிருப்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. வெயில் என்ற காரணம் போய்விட்டது. இனி சொல்வதற்கு வேறு காரணமும் கிடையாது. காரணமில்லாமல் ஒன்றைக் கேட்கலாமா என்று யோசித்தாள்.

"கதவு சாத்தித்தான் இருக்கும்," என்றாள்.

"அதான் வெயில் வரலையே?"

"தெரியும். சாவி எங்கிட்டதான் இருக்கும். சரக்கக் குடுக்கும்போதும் வாங்கும்போதும் நான் வந்து தராசுகிட்ட நிக்கிறேன். மத்த நேரம் கதவு சாத்தியிருக்கும்."

"ஏன்?"

"ஏன்னு எனக்குத் தெரியல," என்றாள் ஜெயபாக்கியம். மேடையில் கேட்ட அந்த வார்த்தை தன் வாயில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுபோல் இருந்தது. "சாத்திப் பாத்தாத்தான் தெரியும்."

சுந்தரராஜ் ஏதோ சொல்ல வந்தார். பிறகு மூட்டையைப் பார்த்தார், மொக்கச்சாமியைப் பார்த்தார். "அடுத்த ஏலம் வரைக்கும் பாப்பம்," என்று முனகிக்கொண்டே கடைக்குக் கிளம்பினார். பெண்கள் கோணியை விலக்கிவிட்டு உட்கார்ந்தார்கள். ஜெயபாக்கியம் கதவைச் சாத்தினாள். கீல் பழக்கமில்லாமல் கிறீச்சிட்டது.

அந்தப் பக்கம் முறங்கள் மறுபடி சலசலத்தன. பிறகு யாரோ ஏதோ சொன்னார்கள், சிரிப்பு வெடித்தது. அவள் ஒருநாளும் கேட்டிராத பெரிய சிரிப்பு. அதில் தனக்குப் பங்கில்லை என்று ஒரு கணம் உறுத்தியது. பார்க்கும்போது சிரிக்காதவர்கள் பார்க்காதபோது சிரிக்கிறார்கள். தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்களோ என்னவோ. சிரிக்கட்டும் என்று நினைக்க முயன்றாள், பாதிதான் முடிந்தது.

கட்டிலை இழுத்து ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போட்டாள். மூச்சு வாங்கியது. கம்பியில் கன்னத்தை அழுத்தி வடக்குப் பக்கம் பார்த்தாள். சந்தின் முடிவில், இரண்டு ஓட்டு விளிம்புகளுக்கு நடுவில், குரங்கணிப் பக்கத்து மலையின் ஒரு துண்டு தெரிந்தது. பச்சை. அதன் மேல் வெள்ளையாக ஏதோ நகர்ந்தது. அன்னக்கொடி சொன்ன மஞ்சு. உள்ளங்கை அளவுதான். சுவரில் பாசிக்கு நடுவே ஓர் அரசங்கன்று வேர் பிடித்து, நாலைந்து இலையோடு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், கன்றுக்கு அந்தப் பக்கம், செங்கல்லுக்கு நடுவில் ஒரு மரச்சட்டத்தைக் கண்டாள். அதுவும் ஒரு ஜன்னல். கதவுகளில் ஆணித்தலைகள் துருவேறி இருந்தன. இடுக்குகளில் கறுப்பாகத் தார்.

உள்ளேயிருந்து மெல்லிய சத்தம் வந்தது. சர், சர் என்று முறத்தில் காய் புரளும் சத்தம்.

ஜெயபாக்கியம் வெகுநேரம் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மூலையில் இருந்த ஒட்டடைக் கம்பை எடுத்து, கம்பிகளுக்கு இடையே நீட்டி, எதிர் ஜன்னலை இரண்டு தட்டுத் தட்டினாள். முறத்தின் சத்தம் நின்றது.

இன்னொரு முறை தட்டினாள்.

"யாரது?" ஆணியடித்த பலகைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மண்டபத்தில் 'மொறம்' என்று சொன்ன அதே குரல். "எங்கருந்து தட்டுறது?"

"நாந்தான். ஜெயபாக்கியம். ஒங்க ஜன்னலுக்கு வெளிய இருந்து."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. போய்விட்டாளோ, புருஷனைக் கூப்பிடப் போகிறாளோ என்று ஜெயபாக்கியம் கம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு குரல் மிக அருகில் கேட்டது. தாரில் வாயை வைத்துப் பேசுவதுபோல் இருந்தது.

"அங்க என்ன இருக்கு?"

ஜெயபாக்கியம் கம்பியில் மறுபடி கன்னத்தை வைத்தாள்.

"மொதல்ல ஒரு சாக்கடை இருக்கு," என்று ஆரம்பித்தாள்.